எல்லை கடந்த பேருந்தும் எல்லை வகுத்த விரதமும்

(மகாவீர ஜயந்தி விழாவில் மண்ணூர்பேட்டையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அருகப் பெருமானின் திருவடிகளை வணங்கித் தொடங்குகின்றேன். 

அறம் பற்றிப் பேசுமாறு அறக்கட்டளையார் பணித்தனர். யானோ பேருந்து பற்றிப் பேச வந்துள்ளேன். அதற்குக் காரணம் உண்டு. சென்ற திங்கள் நம் சமூகத்து அம்மையார் ஒருவர் என் இல்லத்திற்கு வந்தார். அவர்தம் மகனுக்கு வளைகுடா நாட்டில் பேருந்து கட்டும் ஆலையொன்றில் வேலை கிடைத்திருக்கிறது. "ஐயா, இல்லறத்தார் போக வேண்டிய திசைக்கு எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று திக்விரதம் சொல்கிறதே. இவன் கடல் கடந்து போவது தகுமா?" என்று கேட்டார். உடனே விடை கூற எனக்கு இயலவில்லை. இவ்வுரையே அவருக்கு யான் தரும் விடையாகும்.

நம் மண்ணூர்பேட்டையின் ஒருபுறம் பாடி; மறுபுறம் 1964-இல் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. பாடியில் வீல்ஸ் இந்தியா சக்கரம் செய்தது. லூகாஸ் டிவிஎஸ் மின்கருவிகள் செய்தது. பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும் தடைக்கருவிகள் செய்தன. இவை யாவும் 1960-களில் வேரூன்றியவை. வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களில் ஏர் பிடித்த நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இப்பகுதி ஆலைகளை நம்பியே இங்குக் குடியேறினர். மேல்சித்தாமூர்த் தேர்த் திருவிழாவுக்கு நம்மை ஆண்டுதோறும் கொண்டு சேர்ப்பதும் பேருந்தே.

இவ்வுறுப்புகள் சென்று சேரும் பேராலைகளுள் முதன்மையானது எண்ணூரில் உள்ளது. 1948-இல் ரகுநந்தன் சரண் என்பார் அசோக் மோட்டார்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அசோக் என்பது அவர்தம் மகனின் பெயர். முதலில் அங்கு ஆஸ்டின் கார்களைப் பூட்டினர். விடுதலை பெற்ற நாட்டிற்குக் காரைவிடப் பேருந்தும் சரக்குந்துமே மிகுதியும் தேவை என உணர்ந்த சரண், இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்தை நாடினார். அவர் வான்விபத்தொன்றில் மறைந்தார். ஆயினும் அம்முயற்சி மறையவில்லை. லேலண்ட் பங்கேற்க, 1955-இல் நிறுவனம் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறியது. 1980-இல் ஒசூரிலும் ஆலை எழுந்தது.

அயல்நாட்டு வளர்ச்சியில் நாம் கருதத்தக்கது 1982-இல் இலங்கையில் அமைந்த லங்கா அசோக் லேலண்ட். உறுப்புகளை இங்கிருந்து அனுப்பி, அந்நாட்டிலேயே பூட்டும் முறை அது. வண்டியை முழுதாக விற்றுவிட்டுத் திரும்பினால் பணம் மட்டுமே வரும். அங்கேயே பூட்டினால் அந்நாட்டார்க்கு வேலை கிடைக்கும்; பழுது பார்க்கும் கைகளும் பழகும். வங்கதேசத்திற்கு ஈரடுக்குப் பேருந்துகள் சென்றன. அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் பேருந்து ஆலை தோன்றியது. இலங்கையிலும் வங்கதேசத்திலும் நம்மைப் போலவே சாலையின் இடப்புறம் வண்டி ஓடும். வளைகுடாவிலோ வலப்புறம். ஆகவே ஓட்டுநர் இருக்கையும் பயணியர் ஏறும் வாயிலும் பக்கம் மாற வேண்டும். பாலைவன வெயிலைத் தாங்கும் குளிர்கருவியும் வேண்டும். பிறர் நாட்டில் வாழ விரும்புவோர் அந்நாட்டின் இயல்பறிந்து தம்மை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை வண்டியே கற்பிக்கின்றது.

எல்லா வளர்ச்சியும் ஏறுமுகமாயிருப்பதில்லை. ஒரு காலத்தில் இங்கிலாந்திடம் கற்ற அந்நிறுவனம், 2010-இல் இங்கிலாந்தின் ஆப்டேர் பேருந்து நிறுவனத்தில் பங்கு வாங்கியது. பின்னர்ப் பெரும்பங்கும் பெற்றது. 2020-இல் அது ஸ்விட்ச் மொபிலிட்டி எனப் பெயர் பெற்று, மின்பேருந்துகளில் கருத்தூன்றியது. ஆனால் 2025-இல், ஷெர்பர்ன் ஊரிலுள்ள ஆலையின் உற்பத்தியை நிறுத்துவது குறித்துத் தொழிலாளரோடு கலந்தாய்வு தொடங்க நேர்ந்தது. மாணவன் ஆசானின் நாட்டிற்கே சென்று தொழில் நடத்தியது பெருமைதான். ஆயினும் அங்குள்ள தொழிலாளர் இல்லங்களில் அன்றிரவு எத்தகைய கவலை சூழ்ந்திருக்கும் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி அம்மையாரின் வினாவிற்கு வருகின்றேன். திக்விரதம் குணவிரதங்களுள் ஒன்று. கடல், ஆறு, காடு, மலை, நாடு, தொலைவளவு என யாவரும் அறிந்த அடையாளங்களைக் கொண்டு ஒருவர் தமக்கு எல்லை வகுத்துக்கொள்வார். அவ்வெல்லைக்கு அப்பால் அவரால் எவ்வுயிர்க்கும் தீங்கில்லை. அப்பாலுள்ள பொருள்மீது அவர்க்கு ஆசையும் இல்லை. எல்லையை வகுப்பவர் நோன்பு ஏற்பவரே. எனவே இவ்விரதம் பயணத்தைப் பழிப்பதன்று. ஆசைக்கு வேலி இடுவது. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்திற்கு இஃது அரண்.

மற்றொரு செய்தியும் உண்டு. ஹேமசந்திரர் தம் யோகசாஸ்திரத்தில் இல்லறத்தார் நீக்க வேண்டிய பதினைந்து தொழில்களுள் வண்டித் தொழிலையும் வைத்தார். பாரம் இழுக்கும் எருதுகள் படும் துன்பத்தையும், சக்கரத்தின்கீழ் மடியும் சிற்றுயிர்களையும் எண்ணுவோர்க்கு அதன் காரணம் விளங்கும். எருதின் நுகத்தை எந்திரம் ஏற்றுக்கொண்டது என நாம் மனநிறைவு கொள்ளலாம். ஆயினும் புகையும் விபத்தும் நம் காலத்து இம்சைகள். ஆகவே தடைக்கருவியின் ஒரு திருகாணியைச் சரியாக முடுக்குவதும் கொல்லாமை நோன்பின் ஒரு கூறே. அதைக் கவனமின்றிச் செய்தால், அவ்வண்டியில் ஏறும் ஐம்பது உயிர்களுக்கும் நாமே பொறுப்பாவோம்.

அம்மையீர், உங்கள் மகன் சென்று வரட்டும். புறப்படுமுன் மூன்று அளவுகளை அவனே எழுதி வைக்கட்டும்: எத்தனை ஆண்டுகள், எவ்வளவு பொருள், எந்தத் தேவைக்காக. குறித்த அளவு நிறைந்ததும் மேலும் வேண்டும் என்று மனம் கேட்கும். அவன் விரதத்தின் எல்லை அந்த இடத்தில்தான் இருக்கின்றது. கடல் கடந்ததால் அது முறிவதில்லை. அவ்வளவைக் கடந்தால் முறியும். அயல்நாட்டிலும் இரவுணவு நீக்கிப் புலால் மறுத்து வாழட்டும். மேல்சித்தாமூர்த் தேர் புறப்படும் நாளில், இயன்ற ஆண்டெல்லாம், வடம் பிடிக்க வந்து சேரட்டும்.

அறம் வளர்க! அனைத்துயிரும் இன்புறுக!