தொழிற்கூடமும் அணிவகுப்புத் திடலும்

(பொறியியல் கல்லூரி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உற்பத்திப் பொறியியல் பாடத்தையும் இராணுவத் தலைமைப் பயிற்சியையும் ஒரே உரையில் எடுத்துக்கொள்வது உங்களிற் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். ஒன்று உலோகத்துக்கு உருவம் கொடுப்பது. மற்றொன்று மனிதரை வழிநடத்துவது. நமது பல்கலைக் கழகங்களில் இவ்விரண்டும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு வேளைகளில் நடைபெறுகின்றன. தொழிற்கூடத்தில் பெறுவது மதிப்பெண். திடலில் பெறுவது, நெடுங்காலமாக, ஒரு சான்றிதழ் மட்டுமே. இந்தப் பிரிவினை வசதிக்காக ஏற்பட்டதேயன்றி இயல்பாக அமைந்ததன்று. இரண்டையும் தொழிற்கூடத்திலேயே இணைத்துக் கற்பிக்கவும் மதிப்பிடவும் முடியும் என்பதே என் கருத்து.

இவற்றிடையே உள்ள உறவு பழையது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை துப்பாக்கியின் ஒவ்வோர் உறுப்பையும் கொல்லர் அரத்தால் தேய்த்துத் தேய்த்தே பொருத்தினார். ஒரு துப்பாக்கியின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது. போர்க்களத்தில் விசைப்பொறி உடைந்தால் ஆயுதமே பயனற்றுப் போகும். பிரான்ஸில் ஒனொரே பிளாங்க் என்பவர் எந்த உறுப்பும் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்துமாறு செய்து காட்டினார். 1785-ஆம் ஆண்டில் பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் அதனை நேரில் கண்டு தம் நாட்டுக்கு எழுதினார். இன்று நாம் மூன்றாம் பருவத்தில் கற்பிக்கும் அளவெல்லைகள், பொருத்தங்கள், சோதனை அளவுமானிகள் என்னும் பாடங்களின் வேர் இராணுவத் தேவையில் இருக்கிறது.

மற்றோர் எடுத்துக்காட்டு நமக்கு இன்னும் நெருக்கமானது. 1940-இல் அமெரிக்க ஆலைகளில் இயந்திரத்தையே பார்த்திராத ஆண்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் வேலைக்கு வந்தனர். அவர்களுக்கு வேலை கற்பிக்கவேண்டிய ஃபோர்மன்களுக்கோ கற்பிக்கத் தெரியாது. ஆகவே 'தொழிலகத்துக்குள் பயிற்சி' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. வேலையைக் கற்பிப்பது எப்படி, வேலை முறையைச் சீர்செய்வது எப்படி, தொழிலாளரோடு ஏற்படும் பிணக்கைத் தீர்ப்பது எப்படி என்று மூன்று பாடங்கள். ஒவ்வொன்றும் பத்து மணி நேரம் மட்டுமே. பிணக்கைப் பற்றிய பாடம் நான்கு படிகளைக் கொண்டது: முதலில் உண்மைகளைத் திரட்டு, பிறகு எடைபோட்டு முடிவெடு, செயற்படு, விளைவைச் சரிபார். போருக்குப் பின் இத்திட்டம் ஜப்பானுக்குச் சென்றது. அந்நாட்டுத் தொழில் வளர்ச்சியின் அடித்தளங்களில் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. போர்க்காலத்தில் ஃபோர்மனுக்குக் கற்பிக்கப்பட்ட இப்பாடம், அவருக்கு மேலதிகாரியாகப் போகும் நம் பட்டதாரிக்கு எந்தப் பருவத்தில் கற்பிக்கப்படுகிறது?

நம் பட்டதாரியைச் சற்று எண்ணிப் பாருங்கள். வயது 22. இரவு ஷிப்டின் பொறுப்பு அவரிடம். ஓர் உருளையின் உள்விட்டம் சிறிது சிறிதாகப் பெருகி வருகிறது. தரக்கட்டுப்பாட்டு வரைபடத்தில் அடுத்தடுத்து ஏழு புள்ளிகள் நடுக்கோட்டின் ஒரே பக்கம் விழுந்துள்ளன. எனினும் ஒன்றுகூட எல்லையைத் தாண்டவில்லை. இதன் பொருள் அவருக்குத் தெரியும். 1924-இல் ஷூவார்ட் வகுத்த வரைபடத்தை அவர் தேர்வில் பிழையின்றி வரைந்தவர். (மகலனோபிஸின் அழைப்பில் ஷூவார்ட் 1947-48-இல் இந்தியாவுக்கே வந்து இக்கலையைப் பரப்பினார் என்பதை நாம் மாணவர்க்குச் சொல்வதில்லை.) இயந்திரத்தின் முன் நிற்பவர் இருபது ஆண்டு அனுபவமுள்ளவர், இளைஞரின் தந்தை வயதினர். இயந்திரத்தை நிறுத்தினால் காலைக்குள் கணக்கு நிறைவேறாது. நிறுத்தாவிட்டால் விடியும்போது ஒரு பெட்டி கழிவு சேரலாம்.

அந்தப் பெரியவரிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது, பிறகு நிறுத்தும் பொறுப்பைத் தன் பெயரில் எழுதி ஏற்பது எப்படி என்பவை எந்தப் பாடநூலிலும் இல்லை. பல இளைஞர்கள் இத்தருணத்தில் ஒன்று அதட்டுகின்றனர், அல்லது ஒதுங்கிவிடுகின்றனர். இரண்டிலும் நட்டம் தொழிலுக்குத்தான்.

இராணுவத்தில் இவ்விரண்டும் பிரிக்கப்படவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்து தொழில்நுட்ப நுழைவுத் திட்டத்தின் வழியே தரைப்படையில் சேருவோர் அகாடமியில் இராணுவப் பயிற்சி பெறுகின்றனர். பூனா, செகந்திராபாத், மாவ் ஆகிய இடங்களிலுள்ள இராணுவக் கல்லூரிகளில் பொறியியல் பயில்கின்றனர். ஜவாஹர்லால் நேரு பல்கலைக் கழகத்தின் பட்டம் பெறுகின்றனர். அவர்களுள் ஒருவர் நாளை மலைப்பகுதியில் ஒரு பழுதுபார்க்கும் பட்டறைக்குப் பொறுப்பேற்கிறார். 4,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. எஞ்சினின் வலிமை குன்றுகிறது. குளிரில் மசகு இறுகுகிறது, மின்கலம் தளர்கிறது. இரண்டு வண்டிகள் பழுதாகி நிற்கின்றன. மாற்று உறுப்புகள் வந்து சேரவில்லை. ஒன்றன் உறுப்பைக் கழற்றி மற்றொன்றை ஓடச்செய்வதா? எந்த வண்டியைத் தியாகம் செய்வது? அவருக்குக் கீழுள்ள ஹவில்தார் அவரைவிட நெடுங்காலம் பணிபுரிந்தவர். அவருடைய சொல்லை நாடாமல் முடிவெடுக்க முடியாது. ஆனால் முடிவு அதிகாரியுடையது. உறுப்பை மாற்றிப் பொருத்த முடிவதற்குக் காரணம் எங்கோ ஓர் ஆலையில், எவரோ ஓர் இரவு ஷிப்டில், அளவு தவறாமல் பார்த்துக்கொண்டதுதான். பட்டறையில் நிற்கும் அதிகாரியும் ஆலையில் நிற்கும் பொறியாளரும் ஒரே சங்கிலியின் கண்ணிகள்.

ஆவடியில் விஜயந்தா டாங்கி உருவான 1965-ஆம் ஆண்டில் பாதுகாப்புத் தளவாட உற்பத்தி பெரும்பாலும் அரசுத் துறையின் பணியாக இருந்தது. 2021 அக்டோபர் 1 அன்று 41 படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு அரசு நிறுவனங்களாக மாற்றியமைக்கப்பட்டன. 2018-இல் உத்தரப் பிரதேசத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் பாதுகாப்புத் தொழில் வழித்தடங்கள் அறிவிக்கப்பட்டன. சேலத்திலும் கோவையிலும் அலிகாரிலும் கான்பூரிலும் உள்ள சிறு தொழிலகங்களும் இப்பணியில் பங்கேற்க வாய்ப்பு உண்டு. அவற்றுக்குப் போகிறவர்கள் உங்கள் மாணவர்கள். இராணுவக் கல்லூரியின் மாணவர்களல்லர்.

பல்கலைக் கழகங்கள் முயலாமலில்லை. 2021-இல் பாதுகாப்பு ஆராய்ச்சி வளர்ச்சி நிறுவனமும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் சேர்ந்து பாதுகாப்புத் தொழில்நுட்பத்தில் முதுகலைப் பட்டப் படிப்பைத் தொடங்கின. தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட ஆறு பிரிவுகளுள் வானூர்தி உண்டு, கடற்படை உண்டு, உயர் ஆற்றல் பொருள்கள் உண்டு. உற்பத்தி என்ற பெயரில் ஒரு பிரிவு இல்லை. படைப்பதைவிட வடிவமைப்பதே உயர்ந்தது என்னும் நம் பழைய எண்ணம் இதில் தென்படுவதாக எனக்குத் தோன்றுகிறது.

தேசிய மாணவர் படையின் வரலாறும் படிப்பினை உடையது. குன்ஸ்ரு குழுவின் பரிந்துரையின்பேரில் 1948-இல் சட்டமியற்றி அது நிறுவப்பட்டது. 1962-ஆம் ஆண்டுப் போருக்குப் பின், 1963-இல் கல்லூரி மாணவர்க்குக் கட்டாயமாக்கப்பட்டது. 1968-இல் மீண்டும் விருப்பப் பயிற்சியாயிற்று. எண்ணிக்கை பெருகும்போது பயிற்சியின் தரம் குன்றும் என்பதையே அந்த ஐந்தாண்டுகள் காட்டின எனக் கருதுகிறேன். வெயிலில் வரிசையாக நிற்பதால் மட்டும் தலைமை வராது. 2021-இல் பல்கலைக் கழக மானியக் குழு இப்பயிற்சியை மதிப்பலகு பெறும் விருப்பப் பாடமாக ஏற்கலாம் என்று பல்கலைக் கழகங்களுக்கு அறிவித்தது. கதவு திறந்திருக்கிறது, ஆனால் மதிப்பலகை வருகைப் பதிவேட்டின்படி வழங்கினால் 1963-இன் கதையே மீளும்.

எனவே என் யோசனை இது. மூன்றாம் ஆண்டுத் தொழிற்கூட வகுப்பில் எட்டு மாணவர் கொண்ட குழுவுக்கு ஒரு பொருளைக் கொடுங்கள். எடுத்துக்காட்டாக, ஒரு சிறு திருகு ஜாக்கி. அடித்தளத்தை ஒருவர் வார்க்கட்டும்; திருகுத் தண்டை ஒருவர் லேத்தில் கடையட்டும்; மறையை மற்றொருவர் செய்யட்டும். வாரந்தோறும் ஒருவர் தலைவர். இறுதியில் அரம் தொடாமல் உறுப்புகள் பொருந்தவேண்டும். ஒரு குழுவின் தண்டு அடுத்த குழுவின் மறையிலும் ஏறவேண்டும்! தலைவருக்குரிய மதிப்பெண்ணை, அவ்வாரத்துக் கழிவு எவ்வளவு, குழுவில் மிகவும் பின்தங்கியவருக்கு அவர் என்ன கற்பித்தார், பாதுகாப்பு விதி மீறப்பட்டதா என்பவற்றைக்கொண்டு முடிவு செய்யுங்கள். அதிகாரித் தேர்வு வாரியம் பலகை, கயிறு, பீப்பாய் ஆகியவற்றைக் கொடுத்து, சிலரைத் துணைக்கு வைத்து, தடையைக் கடக்கச் சொல்லும்போது சோதிப்பதும் இதைப் போன்றதே. நாம் பலகைக்குப் பதில் லேத்தைத் தருகிறோம்.

தேர்வாளர்களாக மாணவர் படை அதிகாரியும் தொழிற்கூடப் பயிற்றுநரும் சேர்ந்து அமரவேண்டும். பல கல்லூரிகளில் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து வந்த பயிற்றுநருக்குத் தேர்வு மேசையருகே நாற்காலிகூட இடுவதில்லை. இரும்பையும் மாணவரையும் ஒருசேர அறிந்தவர் அவரே.

ஆலை படைப்பிரிவு ஆகாது, தொழிலாளர் படைச் சட்டத்துக்கு உட்பட்டவரல்லர், அவருக்குச் சங்கம் உண்டு, மறுத்துப் பேசும் உரிமை உண்டு என்று நீங்கள் சொல்லலாம். முற்றிலும் உண்மை. நான் வேண்டுவது ஆணையிடும் குரலையன்று. டேராடூன் அகாடமியின் 1932-ஆம் ஆண்டுத் திறப்பு விழாவில் செட்வுட் வகுத்துரைத்த வரிசையில் நாட்டின் நலன் முதலாவது, கீழுள்ளோர் நலன் அடுத்தது, அதிகாரியின் நலன் கடைசி. அந்த வரிசையை ஷிப்டுப் பொறியாளர் கற்றால் சங்கத்துக்கு அதனால் இடர் நேராது. பெண்களுக்கு இது பொருந்துமா என்ற ஐயமும் எழ வேண்டியதில்லை; 1992 முதல் சென்னை அகாடமியில் பெண்கள் அதிகாரிகளாகப் பயிற்சி பெறுகின்றனர்; கடக்வாஸ்லாவிலும் 2022 முதல் சேர்ந்து பயில்கின்றனர்.

இதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. புதிய இயந்திரமும் வேண்டியதில்லை. முதலாண்டில் எல்லாப் பிரிவுகளிலும் செய்யவேண்டாம். ஒரு பிரிவில் மட்டும் செய்யுங்கள். அப்பிரிவின் கழிவுக் கணக்கையும் விபத்துக் கணக்கையும் மற்றப் பிரிவுகளின் கணக்கோடு ஒப்பிட்டு, ஆண்டிறுதியில் பாடத்திட்டக் குழுவின் முன் வையுங்கள். விரிவாக்குவதா, கைவிடுவதா என்பதை அந்த எண்களைப் பார்த்துக் குழு முடிவு செய்யட்டும்.