பெயர் எழுதும் பெட்டி

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



என்ன வேலை செய்கிறாய் என்று காலையிலிருந்து நாலு பேர் கேட்டுவிட்டார்கள். புறக்கோட்டை மொத்த வியாபாரிகளுக்கும் வெள்ளவத்தைப் புடைவைக் கடைகளுக்கும் அவரவர் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம். விபரம் பதிகிற திரைகளை அமைப்பது என் பங்கு. எந்தப் பெட்டி எங்கே வரும், எதைக் கட்டாயம் நிரப்ப வேண்டும், எதை வெறுமையாக விடலாம், அவ்வளவுதான்.

என் முதல் திரையைப் பாவித்தவர் கொட்டாஞ்சேனையிலிருந்து வேலைக்கு வரும் ஓர் அக்கா. இருபது வருஷத்துக்கு மேல் பேரேடு எழுதியவர். பற்றுச்சீட்டை இடது கையில் பிடித்து, வலது கையால் தட்டுவார். சீட்டில் முதலில் திகதி, பிறகு கடைப் பெயர், காசோலை இலக்கம், வங்கி, கடைசியில் தொகை. என் திரையிலோ தொகைதான் முதலில். பார்க்க வடிவாக இருக்கட்டும் என்று அப்படி வைத்திருந்தேன்! ஒவ்வொரு சீட்டுக்கும் அவர் கண் மேலும் கீழும் ஓடியது. இடையிடையே மவுஸைத் தேடினார். அரை மணித்தியால வேலை மத்தியானம் வரை இழுபட்டது. அவருக்கு வயது போய்விட்டது என்றார் முதலாளி. "எனக்கு இது சரிவராது பிள்ளை, நான் நிற்கப் போறன்" என்றார் அக்கா.

அதற்குப் பிறகுதான் அவருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இரண்டு நாள் இருந்து பார்த்தேன். பெட்டிகளைச் சீட்டின் ஒழுங்குக்கு மாற்றினேன். என்டர் விசையைத் தட்டினால் அடுத்த பெட்டிக்குப் போகச் செய்தேன். திகதி தானாக விழுந்தது. 'சேமி'க்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த 'அழி'யைத் தூரத் தள்ளினேன். அடுத்த கிழமை அவர் திரையைப் பார்க்காமலே தட்டிக்கொண்டிருந்தார்.

இன்னமும் என்னைப் படுத்துவது பெயர்ப் பெட்டிதான். வெளிநாட்டு மாதிரிகளைப் பார்த்து முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி போட்டு, இரண்டையும் கட்டாயமாக்கிவிடுவோம். எங்களில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது; முதலில் அப்பாவின் பெயர், கலியாணத்துக்குப் பின் கணவரின் பெயர். திரை விடாது. ஆகவே பதிகிறவர் ஒரு புள்ளியைத் தட்டிவிட்டு நகர்வார். 'புள்ளி' குடும்பத்தில் எத்தனை பேர் சேர்ந்துவிட்டார்கள் தெரியுமா!

ஜெயந்தி என்ற பெயரை ஆங்கில எழுத்தில் பதிந்து பாருங்கள். 'ஜே'க்குப் பின் 'ஈ'யா 'ஏ'யா, 'டி'க்குப் பின் 'எச்' உண்டா, முடிவு 'ஐ'யா 'வை'யா? இதுவே எட்டு விதம். ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு திறந்து, ஒன்றில் கட்டிய காசு மற்றதில் கடனாக நிற்கும். அதனால் இப்போது தொலைபேசி இலக்கத்தாலோ அடையாள அட்டை இலக்கத்தாலோ தேட வைக்கிறேன். 2016இலிருந்து அட்டைக்குப் பன்னிரண்டு இலக்கங்கள். பிறந்த ஆண்டும், அந்த ஆண்டின் எத்தனையாம் நாள் என்பதும் அதற்குள்ளேயே இருக்கின்றன. பெண்களென்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். வேறெங்கும் எங்களுக்கு இப்படிக் கூட்டித் தருவதில்லை!

கடைக் கணக்கென்றால் திருத்திவிடலாம். 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது கொழும்பு மென்பொருளாளர்கள் தொண்டர்களாகச் சேர்ந்து 'சஹானா' என்ற மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் அதற்கு நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள் என்று தனித்தனிப் பதிவுகள் அதில் இருந்தன. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அங்கும் பாவித்தார்கள். அப்படியான பதிவில், முகாமில் ஒருவர் தட்டிய பெயருக்கும் ஒரு தாய் தேடித் தட்டுகிற பெயருக்கும் ஓரெழுத்து வித்தியாசம் வந்தால் என்ன செய்வது? 'இல்லை' என்று திரை சொல்லிவிடக் கூடாது. கிட்டத்தட்ட ஒத்த பெயர்களையெல்லாம் காட்டி, இவராக இருக்குமோ என்று கேட்க வேண்டும்.

எங்கள் சங்கப் பதிவேட்டை என்னிடம் தந்தபோது இதையெல்லாம் நினைத்துத்தான் செய்தேன். குடும்பப் பெயர்ப் பெட்டி அதில் இல்லை. 'பாடசாலையில் உங்களுடைய பெயர்', இது மட்டும் கட்டாயம். 'இப்போது எழுதும் பெயர்', பாடசாலையை விட்ட ஆண்டு, இருக்கும் ஊர் ஆகியவை விரும்பினால். தமிழிலும் எழுதலாம். டொரொண்டோவில் இருக்கிறவரை அவருடைய வகுப்புத் தோழி பழைய பெயராலேயே கண்டுபிடிக்கலாம்.

வாசலில் ஒரு கணினி வைத்திருக்கிறேன். சாப்பிடப் போகுமுன் பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள். நானும் பக்கத்தில் ஒரு கதிரை போட்டிருக்கிறேன். எந்தப் பெட்டியில் தடக்குப்படுகிறீர்கள் என்று பார்க்க வேண்டும்.