தன்னம்பிக்கைக்கு ஓர் ஆற்றுப்படை



‘வாழ்க்கைப் பயிற்றுநர்’ என்னும் தொடர் இன்று காஜாங் போன்ற நகரங்களிலும் புழங்கத் தொடங்கிவிட்டது. கட்டணம் பெற்று, ஒருவரோடு பல அமர்வுகள் உரையாடி, அவருடைய தன்னம்பிக்கையும் மகிழ்ச்சியும் வளரத் துணைபுரிபவரை அது குறிக்கிறது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘கோச்’ என்னும் சொல்லுக்குச் சுவையான வரலாறு உண்டு. ஹங்கேரியின் கோச் என்ற சிற்றூரில் செய்யப்பெற்ற குதிரைவண்டிக்கு அவ்வூர்ப் பெயரே ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தங்களைத் தேர்வுவரை கொண்டுசேர்க்கும் தனியாசிரியரை வேடிக்கையாக அப்பெயரால் அழைத்தனர். பின்னர் அது விளையாட்டுத் திடலுக்குச் சென்று, அங்கிருந்து வாழ்க்கைக்கு வந்தது.

வண்டி, ஏறி அமர்ந்தவரைச் சுமந்து செல்லும். நம் மரபு கண்ட துணைவர் வேறு வகையினர். பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். திருமுருகாற்றுப்படையை அதன் சமயப் பொருள் கருதித் தனியே வைப்போம். ஏனைய நான்கிலும், பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் கலைஞனுக்கு வள்ளலிடம் செல்லும் வழியைக் கூறுகிறான். எங்கே தங்கலாம், யார் உணவளிப்பர் என்பதையும் விளக்குகிறான். அவன் அவ்வழியில் நடந்து வந்தவன். ஆயினும், இனி நடக்க வேண்டியவன் கேட்பவனே. இலங்கைத் தமிழர் உளவள ஆலோசனைக்கு ‘ஆற்றுப்படுத்தல்’ என்ற சொல்லைக் கையாள்வது எத்துணைப் பொருத்தம்!

உளவியலறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்கு அரண் செய்கிறது. ‘என்னால் இயலும்’ என்னும் எண்ணம் நான்கு ஊற்றுகளிலிருந்து பிறப்பதாக அவர் கண்டார். தானே செய்து பெற்ற வெற்றி, தன்னைப் போன்றோர் செய்வதைக் காணுதல், பிறர் கூறும் ஊக்கமொழி, உடலும் உள்ளமும் அந்நேரம் உள்ள நிலை ஆகியவை அவை. இவற்றுள் வலியது முதலாவது. பாம்பைக் கண்டு அஞ்சியோரிடம் நடத்திய ஆய்வுகளில், பிறர் பாம்பைக் கையாள்வதைப் பார்த்தவர்களைவிட, வழிகாட்டியின் துணையோடு தாமே படிப்படியாகத் தொட்டுப் பழகியவர்களிடமே துணிவு மிகுந்தது. ஊக்கமொழி மட்டும் தரும் மேடைப் பேச்சின் ஆற்றல் ஏன் விரைவில் வடிந்துவிடுகிறது என்பதும் இதனால் விளங்கும். காஜாங் சாத்தே சுடுவோரும் உரை கேட்டா அக்கலையைக் கற்றனர்?

நம் பிள்ளைகளிடம் வருவோம். தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டில் மேடையேறி முழங்கிய சிறுமி, இடைநிலைப் பள்ளிக்குச் சென்றதும் வாய்மூடிப் போகிறாள். அவளிடம் அறிவு குறையவில்லை; மலாய் மொழியில் பேசி வென்ற பட்டறிவுதான் இன்னும் வாய்க்கவில்லை. ‘தைரியமாகப் பேசு’ என்று நூறுமுறை சொல்வதால் பயன் சிறிதே. முதல் வாரத்தில் ஒரு வினா கேட்கட்டும். மறுவாரம் தோழியர் இருவர் முன் ஒரு பத்தி படிக்கட்டும். அடுத்து வகுப்பின் முன் இரண்டு நிமிடம் பேசட்டும். அதே பள்ளியில் படிக்கும் மூத்த மாணவி ஒருத்தி அருகிருந்தால் இன்னும் நன்று. 1982இல் முனைவர் தம்பிராஜா தோற்றுவித்த ஸ்ரீ முருகன் நிலையத்தையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். பத்துமலைக்குச் செல்லும் கல்வி யாத்திரை உள்ளத்தை எழுப்புகிறது. அந்த எழுச்சியைத் தேர்ச்சியாக்குவது வகுப்பில் செய்யும் பயிற்சியே என்பது என் துணிபு.

பயிற்றுநரை நாடும் இளைஞருக்கு ஒன்று கூற வேண்டும். மலேசியாவில் உளவள ஆலோசகர் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றே தொழில் செய்ய இயலும். வாழ்க்கைப் பயிற்றுநர் என்ற பெயருக்கு அத்தகைய வேலி இல்லை. யாரும் பலகை மாட்டலாம். எனவே, அவர் எங்கே பயின்றார், எத்தனை அமர்வுகளில் எதை அடைய முயல்வார், தம்மால் இயலாதபோது யாரிடம் அனுப்புவார் என்று தயங்காமல் கேளுங்கள். உறக்கமும் உணவும் கெட்டு, வாழ்வே வேண்டாம் எனத் தோன்றும் நிலையில் நாட வேண்டியவர் பயிற்றுநர் அல்லர். மருத்துவரோ பதிவுபெற்ற ஆலோசகரோ ஆவார். உங்கள் பள்ளி ஆலோசக ஆசிரியரின் அறைக் கதவை முதலில் தட்டலாம்.