இரண்டு சீருடை அணிந்த ஒரு மனிதர்
(சங்கத்தின் 50-ஆம் ஆண்டு நிறைவு விழாவில் இளைஞர் பகுதி சார்பில் ஆற்றிய உரை)





இந்தப் பொன்விழாவில் எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு, சீருடை அணிந்து நாட்டுக்கு உழைத்தவர்களை நினைவுகூர்வது. நாங்கள் பெரும்பாலும் பெக்கான் நானாஸில் கடை வைத்துப் பிழைப்பவர்கள். துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்ததில்லை. ஆனால் இராணுவத்திலும் பிறகு போலீஸிலும் இருந்த ஒருவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தோம். அவர் பெயர் கேப்டன் ராம் சிங் தாக்கூர்.

அவர் தமிழரும் அல்லர், முஸ்லிமும் அல்லர். இமயமலை அடிவாரத்துத் தரம்சாலாவில் 1914 ஆகஸ்ட் 15-ஆம் தேதி பிறந்த கூர்க்கா. அவரை ஏன் நம் மேடையில் பேச வேண்டும் என்று கேட்கலாம். அவருடைய வாழ்க்கை திசை மாறியது நம் மலாயா மண்ணில்தான். அவரோடு தோளோடு தோள் நின்றவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். அதனால்தான் பேசுகிறோம்.

சிறு வயதிலேயே கூர்க்கா ரைபிள்ஸ் படையின் பேண்டு வாத்தியக் குழுவில் சேர்ந்தவர் அவர். இரண்டாம் உலகப் போரில் அவருடைய படைப்பிரிவு மலாயாவுக்கு அனுப்பப்பட்டது. 1942 ஜனவரியில் ஜப்பானியர் தெற்கு நோக்கி வேகமாக வந்தார்கள். பத்து பகாட், பெனுட், பொந்தியான் கரையோரமெல்லாம் அன்று போர்க்களம். பொந்தியானிலிருந்து நம் ஊர் வழியாக ஸ்கூடாய் போகும் சாலையில் இன்று அன்னாசி லாரியும் பள்ளிப் பேருந்தும் ஓடுகின்றன. அன்று பின்வாங்கிய பிரிட்டிஷ், இந்தியப் படைகளுக்கு அந்தப் பக்கத்துச் சாலைகள்தான் வழி. பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது. பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் கைதிகளானார்கள். மலாயாப் போரில் பிடிபட்டவர்களில் ராம் சிங்கும் ஒருவர்.

பிறகு அவர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார். 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். கைதான சிப்பாய்களோடு, மலாயாவின் ரப்பர் தோட்டத் தமிழர்களும் ஆயிரக்கணக்கில் அந்தப் படையில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் நம் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். 1943 அக்டோபர் 21-ஆம் தேதி சிங்கப்பூரில் அமைந்த சுதந்திர அரசில் தமிழ் முஸ்லிம் தலைவர் கரீம் கனி ஆலோசகராக இருந்தார். பின்னாளில் மலாயன் இந்தியன் காங்கிரஸின் முதல் தலைவரான ஜான் திவியும் அதில் இருந்தார்.

அந்த அரசுக்கு ஒரு தேசிய கீதம் தேவைப்பட்டது. தாகூரின் பாடலைத் தழுவி எளிய ஹிந்துஸ்தானியில் சொற்களை அமைத்தவர்கள் ஆபித் ஹசன், மும்தாஜ் ஹுசைன் என்ற இரண்டு முஸ்லிம்கள். அதற்கு இசை அமைத்தவர் ராம் சிங். ‘கதம் கதம் படாயே ஜா’ என்ற நடைப்பாட்டுக்கும் அவர்தான் மெட்டுப் போட்டார். இந்திய இராணுவம் இன்றும் அந்த மெட்டுக்கு அணிவகுத்து நடக்கிறது. நேதாஜி அவருக்கு ஒரு வயலினைப் பரிசளித்தார்.

போர் முடிந்தது. அவரைக் கைதியாக இந்தியாவுக்குக் கொண்டுபோனார்கள், பிறகு விடுவித்தார்கள். நாடு சுதந்திரம் அடைந்த பிறகும், இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர்களை இந்திய இராணுவம் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. மெட்டு உள்ளே போனது, மெட்டுப் போட்டவர் வெளியே நின்றார். அப்போது அவருக்குக் கதவைத் திறந்தது போலீஸ். 1948-இல் உத்தரப் பிரதேச ஆயுதக் காவல்படையின் பேண்டு குழுவுக்குப் பொறுப்பேற்று லக்னோ போனார். 1974 வரை, இருபத்தாறு ஆண்டுகள், அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றார். 2002 ஏப்ரல் 15-ஆம் தேதி, 87 வயதில் காலமானார்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். இந்திய தேசிய இராணுவத்தில் அவர் இருந்தது சுமார் மூன்று ஆண்டுகள். போலீஸில் இருந்தது இருபத்தாறு ஆண்டுகள். ஊர் பேசுவது அந்த மூன்று ஆண்டுகளை மட்டும்தான். மீதி இருபத்தாறு ஆண்டுகளும் தினமும் காலையில் எழுந்து, சீருடையைத் தேய்த்துப் போட்டு, இளம் காவலர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த ஆண்டுகள். வியாபாரிகளான எங்களுக்கு இது நன்றாகப் புரிகிறது. ஒரு நாள் பெரிய விற்பனையால் கடை நிற்பதில்லை. நாள் தவறாமல் திறப்பதால்தான் நிற்கிறது.

நம் ஜோகூரிலும் போலீஸின் தியாகம் உண்டு. மூவார் பக்கம் புக்கிட் கெப்போங் காவல் நிலையத்தை 1950 பிப்ரவரி 23-ஆம் தேதி விடியும் முன் கம்யூனிஸ்டுகள் தாக்கினார்கள். அங்கிருந்த போலீஸ்காரர்கள் சரணடைய மறுத்துப் போராடினார்கள், அவர்களில் பலர் உயிர்விட்டார்கள். அது நாடு முழுவதும் தெரிந்த வரலாறு. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் இரவு பகலாகக் காவல் காத்தார்கள். அவர்களில் பலருடைய பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

அப்படிப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கலாம். “எங்கள் நன்னா மாத்தாவாக இருந்தாராம்” என்பதோடு பல வீடுகளில் கதை முடிந்துவிடுகிறது. எந்த ஊர் ஸ்டேஷன், எந்த ஆண்டு, யாரோடு வேலை பார்த்தார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அடுத்த ஐம்பது ஆண்டுக்குக் காத்திருந்தால் கேட்பதற்கு ஒருவரும் இருக்கமாட்டார்.

அதனால் இளைஞர் பகுதி சார்பில் மூன்று வேண்டுகோள் வைக்கிறோம். ஒன்று, இராணுவத்திலோ போலீஸிலோ தீயணைப்புப் படையிலோ இருந்தவர்களின் படங்களையும் சேவைச் சான்றிதழ்களையும் சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். படம் பிடித்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம். இரண்டு, உங்கள் வீட்டில் உயிரோடு இருக்கும் பெரியவரை அரை மணி நேரம் பேச விட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். வீரக்கதைதான் வேண்டும் என்பதில்லை. நோன்பு நாளில் இரவு டியூட்டி எப்படிப் போனது, பெருநாளுக்கு லீவு கிடைத்ததா, இதெல்லாமே வரலாறுதான். மூன்று, மார்ச் 25 போலீஸ் தினம், ஜூலை 31 வீரர் தினம். இந்த இரண்டு நாட்களையொட்டி அவர்களுக்காக நம் சங்கத்தில் துஆ செய்வோம், பெயர்களை வாசிப்போம்.

ராம் சிங்கை உலகம் நினைவில் வைக்க ஒரு மெட்டு இருந்தது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நாம்தான் இருக்கிறோம். அவர்கள் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நம் கடமை.

மறைந்தவர்களின் பிழைகளை மன்னித்து, இருப்பவர்களுக்கு நல்ல உடல்நலத்தை அல்லாஹ் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.