பெரியபிள்ளையாகும் முன்பே ஒரு வார்த்தை

(பூண்டுலோயாத் தோட்டமொன்றில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



கொழுந்து நிறுத்துவிட்டுக் களைப்போடு வந்திருக்கிறீர்கள். அதிக நேரம் பிடிக்க மாட்டோம்.

நாங்கள் அறிந்த ஒரு வீடு. தரம் 7 படித்த பிள்ளை பெரியவளானாள். 16 நாள் பாடசாலை இல்லை. பிறகு சடங்கு, மாமன் சீர், சாப்பாடு, வீடியோ. கடன் ஒரு பக்கம். அதெல்லாம் முடிந்த பிறகும் பிள்ளை பாடசாலைக்குப் போகவில்லை. கேட்டால், "பெரிய பிள்ளையாயிட்டா, இனி எதுக்குங்க அவ்வளவு தூரம் நடக்கணும்?" என்றார் தாய்.

மருத்துவிச்சி அம்மா தனியே கூப்பிட்டுக் கேட்டபோது பிள்ளை அழுதுவிட்டாள். "ரத்தத்தப் பார்த்து ஏதோ பெரிய வருத்தம் வந்து செத்துப்போகப் போறேன்னு நெனச்சேன். ரெண்டு நாள் யார்கிட்டயும் சொல்லல. இப்ப ஸ்கூலுக்குப் போனா எல்லாரும் என்னையே பார்ப்பாங்க" என்றாள். ஆசிரியையோடு பேசி, பக்கத்து லயத்துப் பிள்ளையைத் துணை சேர்த்த பிறகுதான் போனாள். அதற்குள் தவணைப் பரீட்சை போய்விட்டது.

சடங்கு வேண்டாமென்று சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டிலும் செய்தோம்; மாமன் கொண்டுவந்த பட்டுப் பாவாடை இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது. ஊருக்கெல்லாம் சொல்லி அழைக்கிறோம், பிள்ளைக்கு மட்டும் முன்கூட்டி ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் எங்கள் குறை.

பெண்பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள் உடம்பு மாறத் தொடங்கும். மார்பு வளரத் தொடங்கி ஏறக்குறைய 2 வருடம் கழித்தே முதல் மாதவிலக்கு வரும். அந்த 2 வருடம் தாய்க்குக் கிடைத்த தவணை. "இப்படி வரும், இது வருத்தம் இல்ல, வந்தா என்கிட்ட சொல்லு" என்றால் போதும். துணியோ பேடோ எடுத்து வைத்துக் காட்டுங்கள். ஒரே காம்பராவில் தகப்பன், அண்ணன், தம்பி எல்லோரும் இருக்கும்போது அந்தப் பிள்ளை எங்கே உடுப்பு மாற்றுவாள்? பழைய சேலையில் ஒரு மறைப்புக் கட்டுங்கள். வெட்கம் குறைந்தால் கோபமும் குறையும்.

பையன்களை யாரும் கவனிப்பதே இல்லை. அவர்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள் தொடங்கும். குரல் உடையும், முகத்தில் பரு வரும், சும்மா சும்மா எரிந்து விழுவான். தூக்கத்தில் விந்து வெளியாவதை நோயென்று பயந்து லேகியக்காரனுக்குக் காசு கொடுத்த பையன்களும் உண்டு. வீட்டில் இடமில்லாமல் மதகில் போய் உட்கார்ந்தால் "ரவுடி" என்று பெயர் வைத்துவிடுகிறோம். உணர்ச்சி பொங்கும் மூளைப்பகுதி முந்திக்கொள்ளும், யோசித்து அடக்கும் பகுதி முதிர 25 வயது வரை ஆகும் என்கிறார்கள் டாக்டர்மார். ஆகவே அடித்துத் திருத்தப் பார்க்காதீர்கள். தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் கேட்பான்.

இன்னொன்று. 2016 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். பெரியவளானாள் என்பது படிப்பை நிறுத்தக் காரணமாகாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளை மடுவத்துக்கு மருத்துவிச்சி அம்மா வருகிறார். என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். தகப்பன்மாரும் வாருங்கள், போன தடவை நான்கு பேர்தான் வந்திருந்தார்கள்.