நான்கு நாளில் ஓர் ஆண்டு

பூரட்டாதியைப் பஞ்சாங்கத்தில் பார்த்தவர்கள் பலர். வானத்தில் பார்த்தவர்கள் குறைவு. பெகாசஸ் சதுரத்தின் மேற்கு ஓரமாக நிற்கும் அந்த இரு விண்மீன்களுக்கு நடுவே, சற்று மேற்கே தள்ளி, நல்ல இருட்டில் கூர்ந்து பார்த்தால் மட்டுமே பிடிபடும் மங்கலான புள்ளி ஒன்று உண்டு. அதன் பெயர் 51 பெகாசி. சுமார் 50 ஒளியாண்டுத் தொலைவு. நம் சூரியனுக்கு உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க சாயல். அதைச் சுற்றும் கோளுக்கு ஓர் ஆண்டு என்பது 4.23 நாள். ஒரு மணி நேரச் சொற்பொழிவு ஒன்று முடிவதற்குள் அங்கே ஆண்டில் நூறில் ஒரு பங்கு கழிந்துவிடும்.

அந்தக் கோளை யாரும் கண்ணால் கண்டு அறிவிக்கவில்லை. குழந்தையின் கைகளைப் பிடித்துத் தட்டாமாலை சுற்றும் அப்பாவும் நின்ற இடத்தில் நிற்பதில்லை அல்லவா? விண்மீனும் அப்படித்தான், கோளின் இழுப்புக்கு ஆடுகிறது. நம்மை நோக்கி வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் மயிரிழை நகரும். வியாழன் நம் சூரியனை ஆட்டும் வேகம் நொடிக்குச் சுமார் 12.5 மீட்டர். மணிக்கு 45 கிலோமீட்டர், நம் டவுன் பஸ் வேகம். ஆனால் ஒரு சுற்று முடிய 12 ஆண்டு ஆகும். ஆகவே கோள் தேடியவர்கள் பொறுமையையே முதல் கருவியாக எண்ணினார்கள்.

கனடாவின் கார்டன் வாக்கரும் புரூஸ் கேம்பலும் அந்தப் பொறுமைக்கு இலக்கணம். ஹவாய்த் தொலைநோக்கியில், விண்மீன் ஒளி வரும் பாதையில், நச்சும் அரிப்புத்தன்மையும் கொண்ட ஹைட்ரஜன் புளூரைடு வாயுவை ஒரு கலத்தில் அடைத்து வைத்து, அதன் கோடுகளை அளவுகோலாக்கிக்கொண்டார்கள். 12 ஆண்டுகள், 21 விண்மீன்கள். 1995 ஆகஸ்டில் முடிவு வெளியானது: வியாழன் போன்ற கோள் ஒன்றுகூட இல்லை.

அவர்கள் அளவில் பிழை இல்லை. விண்மீனை ஒட்டிச் சுற்றும் ராட்சதக் கோள், சூரியன் போன்ற விண்மீன்கள் நூற்றில் ஒன்றுக்கு இருந்தால் உண்டு. 21 பேரிடம் கேட்டு அதைக் கண்டுபிடிக்கப் பெரிய அதிர்ஷ்டம் வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் மிஷேல் மேயரும் அவருடைய ஆய்வு மாணவர் திதியே கெலோவும் எடுத்துக்கொண்டவை 142 விண்மீன்கள். தெற்கு பிரான்சின் ஓட்-புரோவான்ஸ் ஆய்வகத்தில் 1.93 மீட்டர் தொலைநோக்கி, அதில் எலோடி என்ற நிறமாலைமானி. எலோடியின் பெரிய வரம் கூர்மை மட்டுமன்று. படம் எடுத்த சில நிமிடத்தில் கணினி வேகத்தைச் சொல்லிவிடும். அந்த மென்பொருளை எழுதியவர் கெலோ. 51 பெகாசியின் எண்கள் நிலைகொள்ளாமல் ஏறி இறங்கியபோது அவர் முதலில் சந்தேகப்பட்டதும் தன் மென்பொருளைத்தான். ஆட்டமோ நொடிக்கு 59 மீட்டர், ஒதுக்கித் தள்ள முடியாத அளவு. 1995 ஜூலையில் மறுபடி தொலைநோக்கியைத் திருப்பினார்கள். விண்மீன் எந்த வேகத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்களோ, அதே வேகத்தில் இருந்தது.

அதை ஆட்டிய கோளின் நிறை, வியாழனின் நிறையில் குறைந்தது ஏறத்தாழப் பாதி. விண்மீனிலிருந்து தொலைவோ, சூரியனுக்கும் புதனுக்கும் உள்ள இடைவெளியில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த வெக்கையில் ராட்சதக் கோள் பிறக்க வழியில்லை என்பதே அன்றைய பாடநூல். அக்டோபர் 6 அன்று பிளாரன்ஸ் மாநாட்டில் மேயர் அறிவித்தபோது பலர் நம்பத் தயங்கினர். கலிபோர்னியாவின் ஜெஃப் மார்சியும் பால் பட்லரும் அதே மாதத்தில் சரிபார்த்தார்கள், சரியாகவே இருந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த தங்கள் பதிவுகளைக் கிளறினார்கள். அடுத்த ஜனவரிக்குள் இரண்டு கோள்கள் அதிலிருந்தே கிடைத்தன.

வேடிக்கை என்னவென்றால், வானியலாளர் ஆட்டோ ஸ்ட்ரூவ் 1952இலேயே இதை எழுதியிருந்தார். விண்மீனை ஒட்டி, ஒரே நாளில் சுற்றி முடிக்கும் பெரிய கோள் ஏன் இருக்கக் கூடாது, அது விண்மீன் முகத்தைக் கடந்து ஒளியை மறைக்கவும் கூடுமே என்று. 43 ஆண்டுகள் யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. நம் வீட்டு வாசற்படியின் உயரத்தில்தான் ஊரில் எல்லா வீட்டுப் படியும் இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டதைத் தவிர இதற்கு வேறு காரணம் தெரியவில்லை. அந்த மறைப்பும் 1999இல் சிக்கியது: எச்டி 209458 என்ற விண்மீனின் ஒளி ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் மங்கியது.

தொலைவில் பிறந்து, வாயுத் தட்டின் இழுப்பாலோ பிற கோள்களின் தள்ளலாலோ உள்ளே வந்து சேர்ந்தவை இத்தகைய ராட்சதக் கோள்கள் என்பது இன்று பரவலான கருத்து. வந்தவற்றில் சில நின்றபாடில்லை. 1.09 நாளில் சுற்றும் வாஸ்ப்-12பி என்ற கோளின் ஆண்டு, ஒவ்வோர் ஆண்டும் சுமார் 29 மில்லிநொடி குறைந்துகொண்டே வருகிறது. சில பத்து லட்சம் ஆண்டுகளில் அது தன் விண்மீனுக்குள் விழுந்துவிடும்.