தார்ப் பாலையில் ஒரு பழங்காடு
(உழவர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



மழையைப் பற்றிப் பேசாமல் நம் கூட்டம் எதுவும் தொடங்குவதில்லை. ஆகவே மழை மிகக் குறைந்த ஓர் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். ராஜஸ்தானின் ஜெய்சால்மர், தார்ப் பாலைவனத்தில் உள்ள நகரம். அங்கு ஆண்டுக்குச் சராசரியாக 20 சென்டிமீட்டர் அளவே மழை. அந்நகரிலிருந்து பார்மர் செல்லும் சாலையில் சுமார் 17 கிலோமீட்டர் போனால் ஆகல் என்னும் இடம் வருகிறது. அங்கே வெட்டவெளியில் பெரிய பெரிய அடிமரங்கள் கிடக்கின்றன. தட்டிப் பார்த்தால் கல்! அவற்றுள் நீளமானது 13 மீட்டருக்கும் மேல்.

இவை சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் உயிரோடு நின்ற மரங்கள். ஆற்று மணலில் புதைந்தபின், நீரில் கரைந்திருந்த மணற்சத்து மரத்தின் நார்களுக்குள் புகுந்து இறுகி, மரம் கல்லாகிவிட்டது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் உள்ள கல்மரத்தைப் பார்த்தவர்கள் உங்களில் சிலர் இருக்கலாம். அது இதற்குப் பிற்பட்ட காலத்தது.

ஆகல் மரங்கள் வாழ்ந்த காலத்துக்கு ஜுராசிக் காலம் என்று பெயர். பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையில் உள்ள ஜுரா மலைகளின் சுண்ணாம்புப் பாறைகளை வைத்து இட்ட பெயர் இது. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 14½ கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அப்போது இமயமலை கிடையாது. அந்த இடத்தில் டெதிஸ் என்னும் கடல் இருந்தது. நம் நாடு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அண்டார்டிகா, ஆஸ்திரேலியா ஆகியவற்றோடு ஒட்டியிருந்தது. ஒன்றாக இருந்த பெருநிலம் மெல்லப் பிளந்து, பிளவுகளில் கடல் புகத் தொடங்கிய காலம் அது.

காற்றில் கரியமில வாயு இன்றைவிடப் பல மடங்கு இருந்ததாகக் கணிக்கிறார்கள். வெப்பமும் அதிகம். அண்டார்டிகாவின் ஹோப் பே என்னும் இடத்தில் 1903இல் சுவீடன் நாட்டு ஆய்வுக் குழுவினர் பெரணி இலைகளும் ஊசியிலைக் கிளைகளும் பதிந்த ஜுராசிக் பாறைகளைக் கண்டெடுத்தனர். இன்று பனி மூடிய நிலத்தில் அன்று காடு! ஆனால் உலகம் முழுதும் பசுமை என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் நவாஹோ மணற்கல் என்னும் கெட்டியான பாறை அடுக்கு இருக்கிறது. அது ஜுராசிக் காலத்து மணற்குன்றுகள் இறுகி உண்டானது. இன்றைய பாலையில் அன்று காடும், வேறிடத்தில் அன்றே பாலையும் இருந்தன.

சரி, அந்தக் காட்டில் என்னென்ன இருந்தன? தரையை மூடியவை பெரணிகள். ஈரமான கரைகளில் குதிரைவால் செடிகள். நாம் விதைக்கும் குதிரைவாலித் தானியம் என்று நினைத்துவிடாதீர்கள். இது கணுக்கணுவான தண்டுடைய, விதையே இல்லாத வேறு செடி. மேலே ஓங்கி நின்றவை ஊசியிலை மரங்கள். மலைப்பகுதிப் பூங்காக்களில் கிறிஸ்துமஸ் மரம் என்று வளர்க்கும் அரக்கேரியாவின் உறவினர்கள் அவற்றுள் முக்கியமானவை. ஜிங்கோ மரங்களும் பல வகை இருந்தன. இன்று உலகில் எஞ்சியது ஒரே வகை. இவற்றின் நடுவே பனையைப் போன்ற தோற்றமுள்ள சைக்கஸ் குடும்பமும், அதைப் போலவே தோன்றும் பென்னெட்டைட்டுக் குடும்பமும் செழித்திருந்தன. இந்த இரண்டாம் குடும்பத்தைச் சேர்ந்த வில்லியம்சோனியாவின் முழு உருவத்தை, ராஜ்மகால் மலையில் கிடைத்த துண்டுகளைக் கொண்டு 1932இல் பேராசிரியர் பீர்பால் சாஹ்னி வரைந்து காட்டினார். அந்த மலையின் பாறைகள் ஜுராசிக்குக்குச் சற்றுப் பிந்தியவை என்று பின்னர் தெரியவந்தது. ஆனாலும் அக்குடும்பம் ஜுராசிக் காட்டில் பெருகியிருந்ததே.

இல்லாதவற்றைச் சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். புல் இல்லை. ஆகவே நெல், கரும்பு, சோளம், கம்பு எதுவும் இல்லை. பயறு வகை இல்லை, தேனீயும் இல்லை. நெல்லின் உறவினர்கள் வெகுகாலம் கழித்தே வந்தனர். மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த, கல்லாய்ப்போன டைனோசர் சாணத்தில் புல்லின் நுண்துகள்கள் இருந்ததை 2005இல் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர். அது டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டம். 2023இல் அறிவிக்கப்பட்ட ஜெய்சால்மர் டைனோசரான தாரோசாரஸ் வாழ்ந்ததோ ஏறத்தாழ 16.7 கோடி ஆண்டுகளுக்கு முன். தாவரம் தின்னும் அந்த விலங்கு ஒரு வாய்ப் புல்கூடக் கண்டிருக்காது.

ஆகல் மரங்களைப் புதைத்த மணல் வீணாகவில்லை. அது லாத்தி மணற்கல் என்னும் பாறையாகி, ஜெய்சால்மர் வட்டாரத்தின் முக்கியமான நிலத்தடி நீர்த்தேக்கமாக இருக்கிறது. மேலே பாலை, கீழே, ஜுராசிக் ஆறுகள் விட்டுச்சென்ற மணலுக்குள் நல்ல தண்ணீர். அதில் பெரும்பகுதி, மழை கூடுதலாக இருந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இறங்கிய நீர். ஆழ்துளைக் கிணறுகள் வந்தபின் அங்கே பாசனம் பெருகியது. இப்போது மழை திருப்பித் தருவதைவிட அதிகமாகவே தண்ணீர் எடுக்கப்படுகிறது. கிணற்றை ஆழப்படுத்தி ஆழப்படுத்திக் களைத்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு செய்தி, உரம் பற்றியது. அசோலாவுக்குள் நீலப்பச்சைப் பாசி தங்கித் தழைச்சத்தைச் சேர்ப்பது உங்களுக்குத் தெரியும். சைக்கஸ் வேரிலும் அவ்வகைப் பாசி குடியிருக்கிறது. 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பழைய சைக்கஸ் இலைகளின் தழைச்சத்தைச் சோதித்தார்கள். இன்றுவரை பிழைத்திருக்கும் வகைகளின் முன்னோர்கள் பாசியின் உதவியால் காற்றிலிருந்து தழைச்சத்துப் பெற்றிருந்தன. அழிந்துபோன வகைகளோ மண்ணை மட்டுமே நம்பியிருந்தன. பூக்கும் செடிகள் வந்து போட்டியிட்டபோது இந்த வேறுபாடு கைகொடுத்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

பூங்காவிலோ வீட்டு முற்றத்திலோ சைக்கஸ் இருந்தால், தூரைச் சுற்றி மண்ணைச் சற்றே விலக்கிப் பாருங்கள். பவளம்போலக் கிளைத்த சிறுவேர்கள் மேல்நோக்கி வளர்ந்திருக்கும். ஒன்றைக் குறுக்கே நறுக்கினால் உள்ளே பச்சை வளையம் தெரியும், அதுதான் பாசி. பார்த்தபின் மண்ணை மூடிவிடுங்கள். சைக்கஸின் இலையும் விதையும் நஞ்சுள்ளவை. ஆடுமாடுகளை அதன் அருகே கட்டாதீர்கள். விதைகள் குழந்தைகள் கைக்கு எட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.